நடுத்தர பட்ஜெட் கேமிங் கணினிக்குப் பிராசஸர் தேர்வு

கேம் ஓடும்போது திரையில் தெரிவதை வரைவது கிராஃபிக்ஸ் கார்டு; எதை வரைய வேண்டும் என்று தீர்மானிப்பது பிராசஸர். எதிரி எந்தப் பக்கம் திரும்புகிறான், சுட்ட குண்டு யார்மேல் பட்டது, இடிந்த சுவரின் துண்டுகள் எங்கே விழும், இணையத்தின் மறுமுனையில் விளையாடுபவர் இந்தக் கணத்தில் எங்கே நிற்கிறார் என்பதெல்லாம் பிராசஸரின் கணக்கு. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அந்தக் கணக்கை முடித்து, வரைய வேண்டியவற்றின் பட்டியலை அது கிராஃபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கிறது. பட்டியல் வந்த பிறகே கார்டு வரையத் தொடங்கும்.

நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமானால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிநொடி. 144 ஃப்ரேம் வேண்டுமானால் 6.9 மில்லிநொடி. இந்த ஃப்ரேமைக் கார்டு வரைந்துகொண்டிருக்கும்போதே அடுத்த ஃப்ரேமின் கணக்கைப் பிராசஸர் தொடங்கிவிடுகிறது. ஆகவே இரண்டில் எது மெதுவோ அதன் வேகமே கணினியின் வேகம். பிராசஸர் 10 மில்லிநொடி எடுத்து, கார்டு 5 மில்லிநொடியில் முடித்தால் திரையில் வருவது 100 ஃப்ரேம்தான். சித்தாள் கல் எடுத்துத் தரும்வரை கொத்தனார் சும்மா நிற்பதுபோல் கார்டு பாதி நேரம் காத்திருக்கும். மாறாக, கார்டுக்கே 16 மில்லிநொடி தேவைப்படும் கேமில், 4 மில்லிநொடியில் முடிக்கும் பிராசஸரைப் போட்டாலும் 8 மில்லிநொடியில் முடிப்பதைப் போட்டாலும் ஒரு ஃப்ரேம்கூட அதிகம் வராது.

நடுத்தர பட்ஜெட் கணினியில் பெரும்பாலும் நடப்பது இந்த இரண்டாவது நிலைமை. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் நீங்கலாக ஏறத்தாழ 60,000 முதல் 90,000 ரூபாய்க்குள் கட்டும் கணினியையே இந்த அத்தியாயம் நடுத்தரம் என்று கொள்கிறது. இந்தத் தொகையில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு மூன்றில் ஒரு பங்காவது போக வேண்டும். பிராசஸர் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்தப் பணம் கார்டிலிருந்து பிடுங்கப்பட்டதாகவே இருக்கும். ஐ7 என்றும் ரைசன் 7 என்றும் பெட்டிமேல் எழுதிய பிராசஸரோடு பழைய, சிறிய கிராஃபிக்ஸ் கார்டைச் சேர்த்து, ‘கேமிங் பிசி’ என்று விற்கும் தொகுப்புகள் எல்லா ஊர்க் கடைகளிலும் உண்டு. அலுவலக வேலைக்கு அவை பறக்கும், கேமில் திணறும்.

தேர்வை மானிட்டரிலிருந்து தொடங்குதல்

எந்தப் பிராசஸர் என்று கேட்பதற்கு முன் எந்த மானிட்டர் என்று கேட்பதே சரியான வரிசை. 1080பி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். புள்ளிகள் கூடக்கூடக் கார்டின் சுமை ஏறும். பிராசஸரின் சுமையோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். திரை பெரிதானால் எதிரிகளின் எண்ணிக்கை கூடிவிடாது. எனவே 1440பி திரையில் 75 ஃப்ரேமுக்கு விளையாடுபவருக்கு எளிய பிராசஸர் போதும். 1080பி திரையில் 240 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு வேலரன்ட்டோ கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-ஓ ஆடுபவருக்குத்தான் வலுவான பிராசஸர் தேவை. திரை சிறியது என்பதால் பிராசஸரும் சிறியது போதும் என்று நினைப்பது இங்கே நேர்மாறாகப் போய்விடும்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற பெரிதாக்கும் உத்திகள் இந்தக் கணக்கைச் சற்றுக் கலைக்கின்றன. 1440பி திரையில் டிஎல்எஸ்எஸ்ஸின் ‘குவாலிட்டி’ நிலையைத் தேர்ந்தால் கார்டு உண்மையில் வரைவது 960பி அளவுக்குத்தான். கார்டின் சுமை இறங்குவதால் சுமை பிராசஸர் பக்கம் சாயும். ரே டிரேசிங் கார்டை மட்டுமல்ல, பிராசஸரையும் வாட்டுகிறது. இடையில் செயற்கை ஃப்ரேம்களைச் செருகும் ஃப்ரேம் ஜெனரேஷன், பிராசஸருக்கு அதிக வேலை வைக்காமல் எண்ணிக்கையை உயர்த்திக் காட்டும். ஆனால் மவுஸை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் இடையிலான தாமதம் அதனால் குறைவதில்லை.

விளையாடப்போகும் கேமும் முக்கியம். நகரம் கட்டும் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2, தொழிற்சாலை கட்டும் ஃபேக்டோரியோ, மைக்ரோசாஃப்டின் ஃப்ளைட் சிமுலேட்டர் ஆகியவை பிராசஸரைப் பிழிந்தெடுப்பவை. பால்டர்ஸ் கேட் 3 முதலிரண்டு பகுதிகளில் சாதுவாக ஓடிவிட்டு, மூன்றாம் பகுதியில் ஜனநெருக்கடி மிகுந்த நகரத்துக்குள் நுழைந்ததும் பிராசஸரைச் சோதித்துவிடும். கதை சொல்லும் பெரும்பாலான ஒற்றையாள் கேம்கள் அவ்வளவு கேட்பதில்லை.

ஏற்கெனவே ஒரு கணினி இருந்தால், எது தடை என்பதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். வழக்கமாக ஆடும் கேமில் ரெசல்யூஷனை ஒரு படி குறைத்துப் பார்க்க வேண்டும். ஃப்ரேம் எண்ணிக்கை தாவினால் தடை கார்டு. அசையாமல் நின்றால் தடை பிராசஸர். டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் பயன்பாடு 40 சதவீதம்தான் காட்டுகிறது, ஆகவே பிராசஸர்மேல் குறையில்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தச் சதவீதம் எல்லாத் திரெட்டுகளின் (பிராசஸர் ஒரே நேரத்தில் நடத்தும் வேலைச்சரங்களின்) சராசரி. கேமின் முதன்மைத் திரெட் ஒரே ஒரு கோரை முழுதாக நிரப்பி மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போதும் 12 திரெட் பிராசஸரின் சராசரி 40-ஐத் தாண்டாமல் இருக்கலாம். கார்டின் பயன்பாட்டைப் பார்ப்பதே நம்பகமான வழி: அது 95-க்கு மேலேயே நின்றால் பிராசஸர் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். பிராசஸர் பெயரையும் கார்டு பெயரையும் கொடுத்தால் ‘இத்தனை சதவீதம் பாட்டில்நெக்’ என்று சொல்லும் கணக்கீட்டுத் தளங்கள் எந்தக் கேம், எந்தத் திரை, என்ன செட்டிங் என்பதைப் பொருட்படுத்துவதில்லை. அவற்றை நம்பி எதையும் வாங்க வேண்டியதில்லை.

கோர், வேகம், கேஷ்

2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் இரண்டிலும் இருப்பது ஏஎம்டியின் ஜென் 2 வகையைச் சேர்ந்த எட்டுக் கோர் பிராசஸர். பெரிய கேம்களைச் செய்பவர்கள் அந்தப் பெட்டிகளை மனத்தில் வைத்தே வேலைகளைப் பிரிக்கிறார்கள். கன்சோலின் கோர்களில் ஒரு பகுதி அதன் இயங்குதளத்துக்குப் போய்விடும். வேகமும் 4 ஜிகாஹெர்ட்ஸுக்குள்தான். அதனால் அதைவிட வேகமான ஆறு கோர், பன்னிரண்டு திரெட் கொண்ட கணினிப் பிராசஸர் அதே கேமைத் தாராளமாகத் தாங்குகிறது. நான்கு கோர் பிராசஸர்களில் சராசரி எண்ணிக்கை நன்றாகத் தெரிந்தாலும் நடுநடுவே வெட்டும். எட்டுக் கோருக்குச் சற்றே அதிகப் பணம் கொடுப்பது, விளையாடிக்கொண்டே வீடியோ எடிட்டிங், 3டி வேலை போன்றவற்றையும் செய்பவருக்கு நியாயம். விளையாட மட்டும் வாங்குபவருக்கு ஆறு போதும்.

இன்டெலின் கோர் எண்ணிக்கையைப் படிக்க ஒரு சிறு கவனம் வேண்டும். 2021 நவம்பரில் வெளிவரத் தொடங்கிய 12ஆம் தலைமுறையிலிருந்து வேகமான பி-கோர், சிக்கனமான இ-கோர் என்று இரண்டு வகைகளைப் பல மாடல்களில் கலந்து வைக்கிறார்கள். ஐ5-14400 மாடலின் பெட்டியில் 10 கோர் என்று இருக்கும். அவற்றில் ஆறுதான் பி-கோர், மற்ற நான்கும் இ-கோர். கேமின் கனமான வேலை அந்த ஆறின் தலையில்தான் விழுகிறது.

ஜிகாஹெர்ட்ஸ் எண்ணை வெவ்வேறு தலைமுறைகளுக்கிடையே ஒப்பிடுவது வீண். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது வடிவமைப்பைப் பொறுத்தது. இது புதிய செய்தியும் அல்ல: 2001இல் ஏஎம்டி தன் 1.53 ஜிகாஹெர்ட்ஸ் ஏத்லான் எக்ஸ்பி பிராசஸருக்கு 1800+ என்று பெயர் வைத்ததே, இன்டெலின் பென்டியம் 4-இன் பெரிய எண்ணோடு தன் சிறிய எண்ணை மக்கள் நேரடியாக ஒப்பிடுகிறார்கள் என்பதால்தான். ஒரே குடும்பத்துக்குள் மட்டும் இந்த எண்ணை ஒப்பிடலாம்.

கேஷ் அப்படியல்ல, கேமுக்கு அது நேரடியாகப் பயன்படும். கேம் கேட்கும் தகவல்கள் சிதறிக் கிடக்கும். அவற்றை ஒவ்வொரு முறையும் ரேமிலிருந்து எடுத்துவர நேரமாகும். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் எல்3 கேஷில் கிடைத்துவிட்டால் அந்தக் காத்திருப்பு மிச்சமாகும். 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி இதைக் கண்கூடாகக் காட்டியது. 5800எக்ஸ் மாடலின் அதே எட்டுக் கோர், அதைவிடக் குறைந்த வேகம். கேஷ் மட்டும் 32 எம்பியிலிருந்து 96 எம்பி ஆகியிருந்தது. அதை வைத்தே அது அந்தக் காலத்தின் முதல்தரக் கேமிங் பிராசஸர்களில் ஒன்றானது. இந்த ‘எக்ஸ்3டி’ வரிசை பெரும்பாலும் நடுத்தர பட்ஜெட்டுக்கு எட்டாது. ஆனால் கேஷ் குறைந்த மாடல்களைத் தவிர்க்கும் பாடம் எல்லா பட்ஜெட்டுக்கும் பொருந்தும். ரைசன் 5 5600-க்கு 32 எம்பி. பெயரில் சற்றே இறங்கிய 5500-க்கு 16 எம்பிதான். பிராசஸரைப் பொருத்தும் புதிய ஏஎம்5 சாக்கெட்டில் 7600-க்கு 32 எம்பி. எண்ணில் அதைவிடப் பெரிதாகத் தெரியும் 8400எஃப், 8600ஜி இரண்டுக்கும் 16 எம்பி. எண் பெரிது என்பதற்காக 8400எஃப் வாங்கியவர், 7500எஃப் வாங்கியவருக்குப் பின்னால் நிற்பார்.

ஐம்பதாண்டுப் போட்டி

இன்டெல் 1968இலும் ஏஎம்டி 1969இலும் கலிஃபோர்னியாவில் தொடங்கியவை. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்தது இன்டெலின் 8088. ஒரே நிறுவனத்தின் சிப்பை நம்பியிருக்க விரும்பாத ஐபிஎம், அதைத் தயாரிக்க இரண்டாவது நிறுவனமும் வேண்டும் என்று வற்புறுத்தியது. அதன் விளைவாக 1982இல் இன்டெலுக்கும் ஏஎம்டிக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஒரே விண்டோஸும் ஒரே கேமும் இருவரின் பிராசஸரிலும் இன்று ஓடுவதற்கு மூலம் அதுதான். 2003இல் ஏஎம்டி 8088 வழிவந்த கட்டமைப்பை 64 பிட்டுக்கு நீட்டியது. மறு ஆண்டே இன்டெலும் அதை ஏற்றுக்கொண்டது. இன்று விற்கும் இன்டெல் பிராசஸருக்குள் ஏஎம்டியின் வேலை இருக்கிறது. ஏஎம்டி பிராசஸருக்குள் இன்டெலின் வேலை இருக்கிறது. ‘இந்த கேம் அந்த பிராண்டில் சரியாக ஓடாது’ என்ற கடைப்பேச்சுக்கு இதனால் பொதுவாக அடிப்படை கிடையாது.

முன்னிலை பலமுறை கைமாறியிருக்கிறது. 2000 மார்ச்சில் 1 ஜிகாஹெர்ட்ஸைச் சில நாள் வித்தியாசத்தில் முதலில் தொட்டது ஏஎம்டியின் ஏத்லான். 2006இல் கோர் 2 டுவோ வந்து இன்டெலை மேலே கொண்டுபோனது. 2011இல் ஏஎம்டி வெளியிட்ட எஃப்எக்ஸ் வரிசை மின்சாரத்தைக் குடித்தது, கேமில் பின்தங்கியது; 2013இன் எஃப்எக்ஸ்-9590 மாடலின் வெப்ப அளவு 220 வாட். ‘ஏஎம்டி என்றால் சூடு’ என்று இன்றும் சிலர் சொல்வது அந்தக் காலத்தின் மிச்சம். போட்டி இல்லாத அந்த ஆண்டுகளில் இன்டெல் என்ன செய்தது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 2011 முதல் 2017 வரை தலைமுறைக்குத் தலைமுறை ஐ5 என்றால் நான்கு கோர்தான். 2017 ஏப்ரலில் ஏஎம்டி ஆறு கோர், பன்னிரண்டு திரெட் கொண்ட ரைசன் 5 1600-ஐக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இன்டெலின் ஐ5-8400 ஆறு கோரோடு வந்து நின்றது.

ஏஎம்டி முன்னிலைக்கு வந்தபோது அதுவும் அதே வழியில்தான் போனது. 2019இல் ரைசன் 5 3600 அமெரிக்காவில் 199 டாலருக்கு வந்தது. 2020 இறுதியில் 5600எக்ஸ் 299 டாலர். அப்போது அதற்குக் கீழே அதே தலைமுறையில் தனியாக வாங்க மலிவான ஆறு கோர் மாடல் எதுவும் இல்லை. 2022 ஜனவரியில் இன்டெலின் ஐ5-12400 குறைந்த விலையில் வந்து அந்த இடத்தைப் பிடித்ததும், ஏப்ரலில் 199 டாலருக்கு 5600 கடைக்கு வந்தது. நடுத்தர பட்ஜெட்காரருக்கு இந்த வரலாறு சொல்லும் செய்தி ஒன்றுதான்: முன்னால் இருப்பவர் விலையை ஏற்றுகிறார், பின்னால் இருப்பவர் அதிகம் தருகிறார். ஒரு பிராண்டிடம் விசுவாசமாக இருப்பவர் இதில் இரண்டு முறையும் நஷ்டப்படுகிறார்.

பழுதிலும் இரு தரப்பும் சமம்தான். 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசஸர்கள் சில, மதர்போர்டு கொடுத்த மிகை மின்னழுத்தத்தால் சாக்கெட்டோடு கருகின. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட் மூலம் அந்த மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் வரம்பு விதிக்கப்பட்டது. 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை உயர்மின் மாடல்கள், குறிப்பாக ஐ7, ஐ9, நாளடைவில் நிலைகுலைவது வெளிச்சத்துக்கு வந்தது. காரணம் அளவுக்கு மீறிய மின்னழுத்தம் என்று ஒப்புக்கொண்ட இன்டெல், ஆகஸ்டிலிருந்து மைக்ரோகோடு திருத்தங்களை வெளியிட்டதோடு பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. திருத்தம் மேற்கொண்டு சேதமாகாமல் தடுக்கும். ஏற்கெனவே சேதமானதை மீட்காது. அந்தத் தலைமுறைகளின் ஐ7, ஐ9 பிராசஸர்களைப் பயன்படுத்திய நிலையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவதைத் தவிர்க்கவே வேண்டும். புதிதாக வாங்கும் எந்த மதர்போர்டுக்கும், எந்த பிராண்டானாலும், முதல் வேலையாகப் பயாஸைப் புதுப்பிப்பது நல்லது.

சாக்கெட்டும் ரேமும்

பிராசஸரை மட்டும் தனியே வாங்க முடியாது. அதோடு மதர்போர்டும் ரேமும் வருகின்றன. மூன்றின் கூட்டுத்தொகையைப் பார்க்காமல் பிராசஸர் விலையை மட்டும் ஒப்பிட்டவர்கள்தான் பெரும்பாலும் பட்ஜெட்டைத் தாண்டிவிடுகிறார்கள்.

ஏஎம்4 சாக்கெட்டில் டிடிஆர்4 ரேம் மட்டும். ஏஎம்5-இல் டிடிஆர்5 மட்டும். இன்டெலின் எல்ஜிஏ1700-இல் மதர்போர்டைப் பொறுத்து இரண்டில் ஒன்று. 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 200 வரிசையோடு வந்த எல்ஜிஏ1851-இல் மறுபடியும் டிடிஆர்5 மட்டும். 2025இன் கடைசி மாதங்களில் ஏஐ தரவு மையங்களின் தேவையால் ரேம் விலை உலகெங்கும் தாவி ஏறியது. ரேம் விலை அப்படி ஏறி நிற்கும் நாள்களில், கையில் பழைய டிடிஆர்4 ரேம் வைத்திருப்பவருக்கு ஏஎம்4-உம் டிடிஆர்4 வகை எல்ஜிஏ1700-உம் மீண்டும் புத்திசாலித்தனமான தேர்வாகிவிடுகின்றன. ரேம் எதுவானாலும் ஒற்றைப் பட்டையாக வாங்காமல் இரண்டாக வாங்க வேண்டும். ஒரே 16 ஜிபி பட்டையைவிட இரண்டு 8 ஜிபி பட்டைகள் கேமில் தெளிவாகவே முந்தும். வாங்கிய ரேம் தானாக அதன் முழு வேகத்தில் ஓடாது. பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்கினால்தான் ஓடும். இதைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் குறைந்த வேகத்தில் ஓட்டுபவர்கள் நிறையப் பேர். ரைசன் 7000 வரிசைக்கு 6000 வேக டிடிஆர்5 மிகப் பொருத்தம். அதற்குமேல் கொடுக்கும் பணத்துக்குப் பலன் சொற்பம்.

பிறகு, சாக்கெட்டின் ஆயுள். 2017இல் ரைசன் 1600-க்காக வாங்கிய ஏஎம்4 மதர்போர்டுகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்து, ஐந்தாண்டுக்குப் பின் வந்த 5800எக்ஸ்3டியைப் பொருத்த முடிந்தது. அதே 2017இல் இசட்270 மதர்போர்டு வாங்கிய இன்டெல் வாடிக்கையாளர்களுக்கு, அக்டோபரில் வந்த 8ஆம் தலைமுறை அதே 1151 பின் சாக்கெட்டில் உட்கார்ந்தும் இயங்கவில்லை. எல்ஜிஏ1700 மூன்று தலைமுறைகளைக் கண்டு 14-உடன் நின்றது. ஏஎம்5-ஐ 2027இலும் அதற்கு அப்பாலும் ஆதரிப்பதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. மூன்று நான்கு ஆண்டுக்குப் பின் பிராசஸரை மட்டும் மாற்றும் எண்ணம் உள்ளவருக்கு இது பெரிய காரணம். வாங்கிய கணினியை மொத்தமாக ஓட்டி முடித்து, பின்னர் எல்லாவற்றையும் புதிதாக வாங்கும் பழக்கம் உள்ளவருக்கு இது காரணமே இல்லை. அவர் இன்றைய விலையை மட்டும் பார்த்தால் போதும்.

எதை வாங்குவது

பட்ஜெட் 60,000-ஐ ஒட்டி இருந்தால் தேர்வு ரைசன் 5 5600-க்கும் ஐ5-12400எஃப்புக்கும் இடையே. கேமில் இரண்டும் ஏறத்தாழ ஒரே தரம். அன்றைக்கு மதர்போர்டோடு சேர்த்து எது மலிவோ அதை எடுத்துக்கொள்ளலாம். விலை இன்னும் குறைவு என்பதற்காக 5500-க்கு இறங்குவதில் கேஷ் தவிர வேறொரு பாதகமும் உண்டு: கார்டை இணைக்கும் பிசிஐஇ பாதையில் அது 3.0 வரைதான் போகும். ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 6600 போன்ற நடுத்தரக் கார்டுகள் எட்டு லேன் மட்டுமே கொண்டவை என்பதால் அந்தக் குறுகிய பாதை சில கேம்களில் உறுத்தும். இன்டெலின் ஆர்க் பி580 கார்டை வாங்க நினைப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதன் டிரைவர் பிராசஸரிடம் அதிக வேலை வாங்குவதால், பழைய பிராசஸர்களோடு சேர்க்கும்போது கார்டின் முழு வலு வெளிப்படாது.

பட்ஜெட் 75,000-ஐத் தாண்டினால், ரேம் விலை இடம்கொடுக்கும்வரை, ஏஎம்5-இல் 7500எஃப் அல்லது 7600 தெளிவான முதல் தேர்வு. 7600-இல் சிறிய உள்ளமை கிராஃபிக்ஸ் இருக்கிறது, 7500எஃப்பில் இல்லை. 9600எக்ஸ் கேமில் 7600-ஐவிடக் கொஞ்சம்தான் முன்னால். விலை நெருங்கி வந்தால் மட்டும் எடுக்கலாம். இன்டெல் பக்கம் ஐ5-14600கே வலுவானது. ஆனால் 181 வாட் வரை இழுக்கும் அதற்கு நல்ல கூலரும் நல்ல மதர்போர்டும் வேண்டும் என்பதால் மொத்தச் செலவு பட்ஜெட்டை மீறிவிடும். கோர் அல்ட்ரா 200 வரிசை மின்சாரத்தில் சிக்கனம் என்றாலும், வெளியான சமயத்தில் பல கேம்களில் 14ஆம் தலைமுறையையே முந்தவில்லை. பெரிய தள்ளுபடி இருந்தால் மட்டும் அதைப் பரிசீலிக்கலாம்.

பெயரின் கடைசி எழுத்துக்குப் பொருள் உண்டு. இரு பிராண்டிலும் ‘எஃப்’ என்றால் உள்ளமை கிராஃபிக்ஸ் இல்லை. தனிக் கார்டு பழுதானால் திரையே வராது. இன்டெலில் ‘கே’ என்றால் ஓவர்கிளாக் செய்யலாம், அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாம். ஆனால் அதற்கு இசட் வகை மதர்போர்டு வேண்டும். பி760-இல் ரேமின் வேகத்தைக் கூட்டலாம், பிராசஸரின் வேகத்தைக் கூட்ட முடியாது. எச்610-இல் இரண்டும் முடியாது. ஏஎம்டியில் பி வகை மதர்போர்டிலேயே ஓவர்கிளாக் செய்யலாம். நடுத்தர பட்ஜெட்டில் ஓவர்கிளாக் செய்து கிடைக்கும் லாபம் அதற்கு வாங்கும் கூலரின் விலைக்கு ஈடாகாது என்பதால் இன்டெலின் ‘கே’க்கும் ஏஎம்டியின் ‘எக்ஸ்’க்கும் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. 7600எக்ஸ் 142 வாட் வரை போகும், பெட்டியில் கூலர் கிடையாது. 7600 88 வாட்டுக்குள் நிற்கும், கூலரோடு வரும். கேமில் இரண்டுக்கும் இடையே சில சதவீதமே வித்தியாசம்.

பெட்டியோடு வரும் கூலர் 7600 போன்ற சிக்கன வகைகளுக்குப் போதும். சென்னை, வேலூர், மதுரை போன்ற ஊர்களில் ஏசி இல்லாத அறையின் மே மாதச் சூட்டில் அது இரைச்சலோடு ஓடும் என்பது மட்டும் குறை. விசிறிகள் நான்கைக் காட்டி, முகப்பைக் கண்ணாடியால் மூடிய கேபினெட்டைத் தவிர்த்து, முன்பக்கம் வலைக்கண் உள்ள எளிய கேபினெட்டை வாங்குவதே முதல் பரிகாரம்.

சோதனைக் கட்டுரைகளைப் படித்தல்

பிராசஸர் சோதனைகளில் மிக விலையுயர்ந்த கார்டைப் பொருத்தி, 1080பி அளவில் ஓட்டுவார்கள். கார்டு தடையாகாமல் பிராசஸர்களின் வித்தியாசம் தெரிய அது சரியான முறை. ஆனால் அந்த அட்டவணையில் 30 சதவீதம் முந்தும் பிராசஸர், வாசகரின் நடுத்தரக் கார்டோடு சேரும்போது 3 சதவீதம்கூட முந்தாமல் போகலாம். சராசரியைவிட ‘1% லோ’ என்ற எண்ணுக்கு மதிப்பு அதிகம்: மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃப்ரேம்களின் வேகத்தை அது காட்டுகிறது, கையில் உணரப்படும் வெட்டல் அதில்தான் தெரியும். ஐந்து சதவீதத்துக்கு உட்பட்ட வித்தியாசத்தை விளையாடும்போது கண்டுபிடிக்க முடியாது. அதற்காகப் பணம் கொடுக்க வேண்டாம். தயாரிப்பாளரே வெளியிடும் அட்டவணையைப் படிக்கும்போது எந்தக் கேம்கள் சேர்க்கப்பட்டன, எதிராளியின் பிராசஸருக்கு என்ன ரேம் கொடுக்கப்பட்டது என்று அடிக்குறிப்பில் பார்க்க வேண்டும்.

கடையில்

சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ நேரில் வாங்குபவர், பெட்டியில் வருவது ஒன்று, ‘ட்ரே’ என்று தனியாக வருவது ஒன்று என இரு வகைப் பிராசஸர்களைக் காண்பார். ட்ரே மலிவு, ஆனால் அதற்கு வாரண்டி பெரும்பாலும் கடைக்காரரின் வாக்கோடு நின்றுவிடும். பெட்டியில் வருவதற்குத் தயாரிப்பாளரின் மூன்றாண்டு வாரண்டி உண்டு. ஏஎம்4-இல் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கும். ஏஎம்5, எல்ஜிஏ வகைகளில் மதர்போர்டின் சாக்கெட்டுக்குள் இருக்கும். பயன்படுத்தியதை வாங்குவதானால் வெளிச்சத்தில் சாய்த்து, ஒரு பின்னும் வளையவில்லை என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். மதர்போர்டு பழைய இருப்பாக இருந்தால் புதிய பிராசஸரை அது அடையாளம் காணாமல் போகலாம். பயாஸைக் கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம்.

ஜிஎஸ்டி பில்லில் பிராசஸரின் மாடல் பெயரும் வரிசை எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பெட்டியில் உள்ள எண்ணும் பிராசஸரின் மேல்தகட்டில் பொறித்த எண்ணும் பொருந்த வேண்டும். கூலரை மாட்டுவதற்கு முன்பே அந்தத் தகட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வெப்பப் பசை பூசிக் கூலரை இறுக்கிய பிறகு, அதைக் கழற்றித் துடைக்காமல் அந்த எழுத்துகளைப் படிக்க முடியாது.